ஆள் இல்லாத எதிரி

ஒருவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. தனியாகப் புஸ்தகம் படித்தால் மெச்சுகிறார்கள். தனியாகப் பாடினால்கூட, "சாரீரம் எப்படியிருந்தாலும் ஞானம் இருக்கிறது" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். ஆனால் வயது வந்த ஒருவர் மேஜைக்கு முன் தனியாக உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தால் மாத்திரம் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஜயிப்பதற்கு ஒருவரும் தோற்பதற்கு ஒருவரும் இல்லாமல் ஆட்டம் ஏது என்பது நம்மவர்களின் பொதுவான அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்துக்கு நம் பாட்டிமார்கள் சாட்சி சொல்லமாட்டார்கள். பல்லாங்குழியிலே சீதைப்பாண்டி என்று ஒரு வகை உண்டு. அசோகவனத்தில் சீதாதேவி தனித்திருந்தபோது ஆடியது என்று கர்ணபரம்பரையாகச் சொல்லுவார்கள். ஒரே ஆள், ஒரே பலகை. சோழிகளை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டு போவார்கள். மேல்நாட்டாரும் சீட்டுக்கட்டைத் தனியாகப் பரப்பி ஆடும் ஆட்டங்களை வெகு காலமாக அறிந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அவற்றுக்கு 'பேஷன்ஸ்', அதாவது பொறுமை என்றே பெயர். ஆனால் இவற்றில் எதிரி என்று ஒருவன் இல்லை. சோழியோ சீட்டோ நம்மைத் தோற்கடிக்க வேண்டும் என்று முயற்சி செய்வதில்லை. நாமே சிக்கலைப் போட்டு நாமே அவிழ்க்கிறோம்.

நான் சொல்ல வந்தது இவற்றிலிருந்து சற்று விலகிய ஒரு விஷயம். ஆள் இல்லாமலேயே எதிரியை உண்டாக்குவது எப்படி என்று இந்த நூற்றாண்டில் ஆட்டம் வகுக்கும் சிலர் வெகு தீவிரமாக யோசித்திருக்கிறார்கள். அவர்களுடைய யோசனை எவ்வளவு தூரம் பலித்திருக்கிறது என்பதை ஓர் ஆட்டத்தைக் கொண்டு பார்க்கலாம்.

அந்த ஆட்டத்துக்குப் பெயர் 'காஸ்கேடியா'. 2021-ஆம் வருஷத்தில் வெளிவந்தது. அடுத்த வருஷமே, ஜெர்மனியில் அந்தந்த வருஷத்தின் சிறந்த ஆட்டத்துக்கு அளிக்கப்படும் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' என்னும் விருது அதற்குக் கிடைத்தது. ராண்டி ஃபிளின் என்பவர் ஆட்டத்தை வகுத்தார். பெத் ஸோபெல் என்னும் பெண்மணி சித்திரங்களைத் தீட்டினார். பலகை ஆட்டம் என்று பழக்கத்தினால் சொல்லுகிறோமே தவிர, பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே பலகையே கிடையாது. அறுகோண வடிவமான அட்டைகளை ஒன்றையொட்டி ஒன்றாக மேஜையின் மேல் பரப்பிக்கொண்டு போகவேண்டும். பரப்பி முடித்தால் அதுதான் பலகை. இவ்விதம் பரப்பி ஆடும் ஆட்டங்களில், பிரான்ஸ் தேசத்துக் கோட்டை நகரம் ஒன்றின் பெயரைத் தாங்கி 2000-இல் வந்த 'கார்கஸோன்' முன்னமே பிரசித்தமானது. அதிலே கோட்டையும் சாலையும் மடமும் கட்டுவார்கள். காஸ்கேடியாவில் மனிதன் கட்டிய வஸ்து ஒன்றுகூட இல்லை. மலை, காடு, புல்வெளி, சதுப்பு நிலம், ஆறு ஆகிய ஐந்தும் நிலங்கள். கரடி, எல்க் என்னும் பெரிய மான், சால்மன் மீன், பருந்து, நரி ஆகிய ஐந்தும் பிராணிகள்.

காஸ்கேடியா என்பது கற்பனைப் பிரதேசம் அல்ல. வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்திலே வாஷிங்டன், ஆரிகன் ராஜ்யங்களும், கானடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் சேர்ந்த நிலப்பரப்பை அப்பெயரால் வழங்குகிறார்கள். காஸ்கேடு என்னும் மலைத்தொடர் அதன் முதுகெலும்பு. அத்தொடரில் 4,392 மீட்டர் உயரமுள்ள ரெய்னியர் சிகரம் ஓர் எரிமலை. ஆனாலும் உச்சி முழுவதும் பனிக்கட்டி மூடியிருக்கிறது. பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக் காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடுவதால் அந்தப் பக்கம் அடர்ந்த காடு. கிழக்குச் சரிவைத் தாண்டினால் வறண்ட புல்வெளி. ஓர் அட்டையில் காடும் அடுத்த அட்டையில் புல்லுமாக வருவதைப் பார்த்து, சித்திரக்காரரின் விநோதம் என்று நினைக்கவேண்டாம். அந்தப் பூமியே அப்படித்தான் இருக்கிறது.

ஆடும் முறையைச் சொல்லுகிறேன். மேஜையின் நடுவில் நான்கு அட்டைகளை வரிசையாக வைத்து, துணிப்பையில் கையைவிட்டு எடுத்த நான்கு மரக்காய்களை அட்டைக்கு ஒன்றாக அவற்றின் கீழே வைக்கவேண்டும். காய்களில் பிராணிகளின் உருவம் அச்சிட்டிருக்கும். உம்முடைய முறை வந்ததும் ஓர் அட்டையையும் அதன் கீழிருக்கும் காயையும் சோடியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டையை உம்முடைய நிலத்தோடு ஒட்டி வைக்கலாம். காயை, அந்தப் பிராணி வாழக்கூடும் என்று அடையாளம் போட்டிருக்கும் எந்தக் காலி அட்டையின் மேலும் வைக்கலாம். ஆரம்பத்தில் மூன்று அட்டைகள் கொண்ட ஒரு துண்டு நிலம் எல்லோருக்கும் உண்டு. பிறகு ஒவ்வொருவருக்கும் இருபது முறை. ஆகவே முடிவில் உம்முடைய ராஜ்யம் இருபத்து மூன்று அட்டைகள். இவ்வளவுதான் ஆட்டம், ஏழாம் வகுப்புப் பையனுக்குப் பத்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

சங்கடம் எங்கே வருகிறதென்றால், வேண்டிய அட்டையின் கீழே வேண்டாத காய் இருக்கும். ஆற்றை நீட்டிக்கொண்டு போக ஓர் அட்டைக்காகக் காத்திருப்போம். அது வரும்போது தன்னோடு ஒரு நரியை இழுத்துக்கொண்டு வரும். பிராணிகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுபாவமுள்ளவை. பெட்டியில் ஒவ்வொரு பிராணிக்கும் பல விதமான எண்ணிக்கைச் சீட்டுகள் இருக்கின்றன. எளிதான வகையை எடுத்துக்கொண்டால், கரடிகள் இரண்டு இரண்டாக இருக்கவேண்டும். ஒரு ஜோடிக்கு 4 எண், இரண்டு ஜோடிக்கு 11, மூன்றுக்கு 19, நான்குக்கு 27. ஜோடியின் பக்கத்தில் மூன்றாவது கரடி வந்து ஒட்டிக்கொண்டால் ஜோடியே போயிற்று. எல்க் மான்கள் நேர்வரிசையில் நிற்கவேண்டும். நான்கு நின்றால் 13. பருந்துக்குப் பக்கத்தில் இன்னொரு பருந்து கூடாது. சால்மன் மீன்கள் சங்கிலிபோலத் தொடர்ந்து போகவேண்டும். நரிக்கோ அக்கம்பக்கத்தில் எத்தனை வகைப் பிராணிகள் இருக்கின்றனவோ அத்தனை எண். வகுப்பில் இந்த ஐந்து குணமும் உள்ள பிள்ளைகளை நான் ஒரே பெஞ்சியில் பார்த்திருக்கிறேன்.

இவற்றைத் தவிர ஒவ்வொரு நிலத்திலும் துண்டுபடாமல் தொடர்ந்திருக்கும் மிகப் பெரிய பரப்பை எண்ணி, அட்டைக்கு ஒன்றாக எண் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே நிலம் மட்டும் உள்ள சில விசேஷ அட்டைகளில் அதற்குரிய பிராணியை வைத்தால், பைன்மரக் காயின் சித்திரம் போட்ட ஒரு சில்லு கிடைக்கும். அதைச் செலவழித்தால் சோடியைப் பிரித்து, வேண்டிய அட்டையையும் வேண்டிய காயையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம். செலவழிக்காமல் கடைசிவரை வைத்திருந்தால் அதற்கும் ஓர் எண். சிக்கனக்காரர்களும் செலவாளிகளும் இந்த இடத்தில் தங்கள் தங்கள் சுயரூபத்தைக் காட்டிவிடுகிறார்கள்.

நாலு பேர் கூடி ஆடும்போது இதெல்லாம் சந்தோஷமான சந்தடி. இனி தனி ஆட்டத்துக்கு வருகிறேன்.

தனி ஆட்டத்துக்காக நாற்பத்து மூன்று அட்டைகளை எண்ணி எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் ஆடும்போதும் இதே கணக்குத்தான். நீர் உம்முடைய சோடியை எடுத்து வைத்தானதும், மீதியிருக்கும் மூன்று சோடிகளில் வரிசையின் கோடியில், அட்டைக் குவியலுக்கு வெகு தூரத்தில் இருக்கிறதே, அந்தச் சோடியை எடுத்து அப்புறப்படுத்திவிட வேண்டும். பாக்கி இரண்டும் கோடியை நோக்கி நகரும். காலியான இரண்டு இடங்களில் புதிதாக இரண்டு சோடிகள் வரும். எதிரி என்பது இந்த ஒரு விதி மாத்திரமே. அவனுக்கு நிலம் இல்லை, எண்ணிக்கை இல்லை, ஆசையும் இல்லை. எடுத்துக்கொண்டு போவதைத் தவிர அவனுக்கு வேறு காரியமே கிடையாது.

இது ஒரு எதிரியா என்று முதலில் சிரிப்பு வரும். காகிதத்தில் எழுதிக் கணக்குப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. குவியலுக்குப் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இடங்களுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். நான்காம் இடத்துச் சோடியை நீர் எடுக்காவிட்டால் அவன் எடுப்பான். நீர் எடுத்தாலோ, மூன்றாம் இடத்துச் சோடி அவனுக்குக் கோடியாகிவிடும், அதை எடுப்பான். ஆகவே மூன்றும் நான்கும் சேர்ந்து உமக்கு ஒருகாலும் கிடைக்கமாட்டா. இரண்டும் நான்கும் வேண்டுமா? முதலில் நான்கை எடும், மூன்று தொலையும், இரண்டு நகர்ந்து கோடிக்கு வரும், அடுத்த முறையில் அதையும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் இரண்டை எடுத்தீரானால் நான்கு போய்விடும். எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும், ஒரு சமயத்தில் கண்ணுக்கு முன் இருக்கும் நான்கு சோடிகளில் இரண்டுக்கு மேல் உமக்கு இல்லை. பாதி உமக்கு, பாதி அவனுக்கு. எதை இழக்கச் சம்மதிக்கிறீர் என்பதே ஒவ்வொரு முறையும் கேள்வி.

மனித எதிரியோடு ஆடும்போது இந்த நிச்சயம் இல்லை. அவன் எதை விரும்புவான் என்று முகத்தைப் பார்த்து ஊகிக்கிறோம், பேச்சுக் கொடுக்கிறோம், கரடியை அவன் கவனிக்காமலிருக்க, "காப்பி ஆறிப்போகிறதே" என்று ஞாபகப்படுத்துகிறோம். விதியாகிய எதிரியிடம் இந்தச் சாமர்த்தியம் ஒன்றும் செல்லாது. அதே சமயத்தில் அவன் என்ன செய்வான் என்பது நமக்கு முன்கூட்டியே முழுவதும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

என் சித்தப்பா ஒருவர், எழுபது வயது கடந்தவர். மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் கடல் கடந்து உத்தியோகத்திலிருக்கிறார்கள். பெண் ஒரு லீவில் வந்தபோது இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, கற்றுக் கொடுத்துவிட்டுப் போனாள். இரவு ஏழரை மணிக்குச் சாப்பாடு ஆனதும் கூடத்து விளக்கின் கீழ் சித்தப்பா பெட்டியைத் திறந்துவிடுகிறார். ஒருநாள் போயிருந்தபோது, "எதிராளி இல்லாமல் உங்களுக்கு எப்படி ஆடத் தோன்றுகிறது, சித்தப்பா?" என்று கேட்டேன்.

"எதிராளி இல்லையென்று உனக்கு யார் சொன்னது? நீ உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு கரடியை ஜப்தி செய்துகொண்டு போய்விட்டானப்பா, அமீனா!" என்றார்.

அந்தக் காலத்துக் கோர்ட்டு அமீனாவைப் பற்றி இளைஞர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். கடன்காரன் வீட்டுக்கு வந்து, யார் அழுதாலும் சிரித்தாலும் ஜாபிதாப்படி அண்டாவையும் குண்டானையும் எடுத்துக்கொண்டு போகிறவன் அமீனா. அவனுக்கு வீட்டுக்காரன்மேல் விரோதம் கிடையாது. அந்த விதிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பா ஒரு பழைய கணக்கு நோட்டுப் புஸ்தகத்தில் தேதிவாரியாகத் தமக்கு வந்த எண்ணை எழுதி வருகிறார். நூறைத் தாண்டிய நாட்களுக்குச் சிவப்பு மையினால் கோடு. சிவப்புக் கோடுகள் அதிகமில்லை.

அந்த நோட்டைப் புரட்டியபோது இன்னொரு விஷயத்தைக் கவனித்தேன். பல நாட்களுக்கு எதிரே 71, 74, 68 என்று எழுதியிருந்தது. கூட்டிப் பார்ப்பதற்கோ கேட்பதற்கோ யாரும் இல்லாத வீட்டில் அவர் தாழ்ந்த எண்களைத் தாழ்ந்தபடியே எழுதி வைத்திருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் பரீட்சை மேற்பார்வை செய்கிறவன் நான். கண்காணிக்கிறவன் ஜன்னல் பக்கம் திரும்பினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். தனி ஆட்டத்தில் ஆடுகிறவரே மேற்பார்வையாளர். எதிரிக்காக அட்டையை எடுத்துப் போடுகிற கையும் நம்முடையதே. வைத்த காயைத் திரும்ப எடுக்க ஆசை வரும். பையிலிருந்து வந்த காய் பிடிக்காவிட்டால் இன்னொரு தரம் கையை விட ஆசை வரும். எடுத்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கணத்தோடு ஆட்டம் நின்றுபோய்விடுகிறது.

இந்த விஷயத்தில் யந்திரங்களுடைய சரித்திரம் வேடிக்கையானது. 1770-ஆம் வருஷத்தில் வியன்னா நகரத்திலே, மகாராணி மரியா தெரேசாவின் சபையில், வோல்ஃப்காங் வான் கெம்பெலன் என்பவர் சதுரங்கம் ஆடும் யந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். துருக்கி வேஷம் போட்ட ஒரு பொம்மை பெரிய பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கையை நீட்டிக் காய் நகர்த்தியது. ஐரோப்பா முழுவதும் பிரமித்தது. 1809-இல் நெப்போலியன்கூட அதனோடு ஆடினான். பெட்டிக்குள்ளே சதுரங்கத்தில் தேர்ந்த ஒரு மனிதர் மடங்கி உட்கார்ந்திருந்தார் என்பதே அதன் ரகசியம். 1854-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் நேர்ந்த ஒரு தீவிபத்தில் அது எரிந்துபோயிற்று.

உண்மையான யந்திரத்தைச் செய்தவர் ஸ்பெயின் தேசத்து இஞ்சினீயர் லியோனார்டோ டோரஸ் கெவேடோ. 1912-இல் அவர் செய்த யந்திரத்துக்கு முழுச் சதுரங்கம் தெரியாது. ராஜாவும் யானையும் கொண்டு எதிரியின் தனி ராஜாவை மடக்கத் தெரியும். அந்த மட்டில் அது தவறாமல் ஜயித்தது. மனிதன் விதிக்கு விரோதமாகக் காயை நகர்த்தினால் விளக்கு ஏற்றிக் காட்டிவிடும். மூன்று தடவை அப்படிச் செய்தால் மேற்கொண்டு ஆட மறுத்துவிடும். பள்ளிக்கூடங்களுக்கு இப்படி ஒன்று வேண்டும் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. பிறகு கம்ப்யூட்டர்களின் காலம் வந்தது. 1997-ஆம் வருஷம் மே மாதத்தில், ஆறு ஆட்டங்கள் கொண்ட பந்தயத்தில், 'டீப் ப்ளூ' என்னும் யந்திரம் உலக சாம்பியனான காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற கணக்கில் தோற்கடித்தது.

யந்திரம் இவ்வளவு தூரம் வந்துவிட்ட பிறகு, மேஜை ஆட்டம் வகுப்பவர்கள் நேர் எதிரான திசையில் திரும்பியதுதான் ஆச்சரியம். மின்சாரம் வேண்டாம், சக்கரம் வேண்டாம். ஒரு சிறு சீட்டுக்கட்டே எதிரியாக இருக்கட்டும் என்றார்கள். 2013-இல் வெளிவந்த 'விட்டிகல்ச்சர்' என்னும் திராட்சைத் தோட்ட ஆட்டத்துக்கு, டென்மார்க் தேசத்தவரான மார்டன் மொன்ராட் பெடர்ஸன் இப்படி ஒரு கட்டை வகுத்தார். ஆட்டத்தின் களம் இத்தாலியைச் சேர்ந்ததாகையால், தானே இயங்கும் பொம்மைக்கு இத்தாலிய மொழியில் உள்ள 'ஆட்டோமா' என்ற சொல்லையே அதற்குப் பெயராக இட்டார்கள். எலிசபெத் ஹார்கிரேவ் வகுத்து 2019-இல் வெளியான 'விங்ஸ்பான்' என்னும் பட்சிகள் ஆட்டத்திலும் ஆட்டோமா உண்டு. ஒவ்வொரு முறையும் கட்டிலிருந்து ஒரு சீட்டைத் திருப்பினால், அது இரை சேர்க்கிறதா, முட்டையிடுகிறதா, புதுப் பட்சியைக் கொண்டுவருகிறதா என்று எழுதியிருக்கும். அப்படியே செய்துவிட்டு அடுத்தபடி நாம் ஆடவேண்டும். பெடர்ஸனுடைய கொள்கை என்னவென்றால், பொம்மை எதிரி மனிதனைப்போல் யோசிக்க வேண்டியதில்லை. மனிதன் எதிரே உட்கார்ந்திருந்தால் நம்முடைய காரியத்துக்கு என்னென்ன இடைஞ்சல் வருமோ அந்த இடைஞ்சலை மட்டும் அது உண்டாக்கினால் போதும் என்பது.

வெகு நுட்பமான யோசனை. ஆயினும் என் அபிப்பிராயத்தில் ஆட்டோமாவிடம் ஒரு குறை இருக்கிறது. எதிரியின் வேலையை நாமே பார்க்க வேண்டியிருப்பதால், சில ஆட்டங்களில் நாம் யோசிப்பது பாதி நேரம், அதற்குக் குமாஸ்தா வேலை பார்ப்பது பாதி நேரம் என்று ஆகிவிடுகிறது. சீட்டைத் திருப்பி, அதன் கீழ்வரியைப் படித்து, விதிப் புஸ்தகத்தை எடுத்து, சந்தேகம் தீர்ந்து நிமிரும்போது நாம் என்ன நினைத்திருந்தோம் என்பது மறந்துபோகும். காஸ்கேடியாவின் அமீனாவுக்கு இந்த உபசாரம் ஒன்றும் தேவையில்லை. வருவான், கோடியில் இருப்பதை எடுப்பான், போவான். தனி ஆட்டம் ஒன்றை அரை மணிக்குச் சற்று முன் பின்னாக முடித்துவிடலாம்.

குறை இதிலும் இல்லாமலில்லை. பக்கத்து நிலத்தைப் பார்த்துப் பொறாமைப்பட இடமில்லை. ஆகையால் கூடி ஆடுவதன் ருசியில் ஒரு பங்கு குறைந்துதான் போகிறது. நாலு பேர் ஆட்டத்தில் ஒவ்வொரு நிலத்திலும் யாருடைய பரப்புப் பெரியது என்று பார்த்து அதிக எண் கொடுப்பார்கள். தனி ஆட்டத்தில் ஒப்பிட ஆள் இல்லாததால், ஏழு அட்டை அல்லது அதற்கு மேல் தொடர்ந்திருக்கும் ஒவ்வொரு நிலத்துக்கும் இரண்டு எண் என்று வைத்துவிட்டார்கள். அது கணக்குத்தானே ஒழியப் போட்டியாகாது. மேலும், எப்போதும் எண்ணையே துரத்திக்கொண்டிருந்தால் மேஜைமேல் இருப்பது காடா, கணக்குப் பாடமா என்பது மறந்துபோகிறது. குழந்தைகள் அப்படி மறப்பதில்லை. என் வீட்டிலிருக்கும் சிறுமி, எண் குறைந்தாலும் பரவாயில்லை என்று, நரியைச் சால்மனுக்குப் பக்கத்தில் வைக்க மறுத்துவிட்டாள், காரணம் கேட்டதற்கு, "தின்றுவிடுமே!" என்றாள்.

அவள் சொன்னதில் ஆட்டத்தின் பெரிய பொய் வெளிப்பட்டுவிட்டது. காஸ்கேடியாப் பெட்டியிலே ஒரு பிராணி மற்றொன்றைத் தின்பதில்லை. வைத்த இடத்தை விட்டு ஒன்றும் நகர்வதில்லை. சால்மனுக்கும் கரடிக்கும் பேச்சு வார்த்தையே கிடையாது. உண்மைக் காஸ்கேடியாவிலோ அந்த இரண்டின் உறவின்மேல்தான் காடு நிற்கிறது என்று சொல்லலாம். பசிபிக் கரையில் சினூக், கோஹோ, ஸாக்கை, சம், பிங்க் என்று ஐந்து வகைச் சால்மன்கள் உண்டு. அவை நன்னீர் ஆற்றிலே பிறந்து, சமுத்திரத்துக்குப் போய் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே எதிரேறித் திரும்பிவந்து, முட்டையிட்டதும் இறந்துவிடுகின்றன. ஆற்றோரத்தில் காத்திருக்கும் கரடிகள் மீனைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுபோய்த் தின்கின்றன; தின்றது போக மீதி மரங்களின் அடியில் கிடந்து மக்குகிறது. சமுத்திரத்திலிருந்து வந்த நைட்ரஜன் இவ்விதமாக ஆற்றங்கரை மரங்களுக்குள் ஏறியிருப்பதை விஞ்ஞானிகள் அந்த மரங்களிலேயே கண்டறிந்திருக்கிறார்கள். கடலிலிருந்து மலைக்கு எரு சுமந்து வரும் மீனை வேறு எங்கே பார்ப்பது!

ஆனால் தொடர்ச்சி என்னும் விஷயத்தில் மட்டும் ஆட்டம் உண்மையைச் சொல்லுகிறது. துண்டு துண்டான நிலத்துக்கு மதிப்பில்லை. சேர்ந்த நிலத்துக்கே எண். அந்தப் பிரதேசத்திலே ஸ்னோகுவால்மி கணவாய் வழியாகப் போகும் நெடுஞ்சாலை மலைத்தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. பிராணிகள் மோட்டாரில் அடிபடாமல் கடக்கட்டும் என்று அந்தச் சாலைக்கு மேலே மண்ணும் செடியும் போட்ட அகலமான பாலம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். நம் நீலகிரியின் அடிவாரத்தில் சீகூர் யானை வழித்தடத்தைப் பற்றிய வழக்கில் 2020-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டார், யானைகளின் பாதையில் விடுதிகள் இருக்கலாகாது என்ற அரசாங்கத்தின் நிலையை ஒப்புக்கொண்டதும் இதே தத்துவத்தின்மேல்தான்.

காஸ்கேடியாவில் துண்டுபட்ட ஆறுகளில் பிரசித்தமானது எல்வா. வாஷிங்டன் ராஜ்யத்தின் வடமேற்கு மூலையில், 1938-இல் தேசியப் பூங்காவாக ஏற்படுத்தப்பட்ட ஒலிம்பிக் மலைகளிலிருந்து இறங்கிக் கடலில் கலக்கிறது. நீளத்தில் பெரிய ஆறு அல்ல. ஆனால் ஐந்து வகைச் சால்மனும் ஏறிவந்த ஆறு. மின்சாரம் எடுப்பதற்காக 1913-இல் ஓர் அணை கட்டினார்கள். அதற்கு மேலே 1927-இல் மற்றோர் அணை, 64 மீட்டர் உயரத்தில். மீன் ஏறுவதற்கு இரண்டிலும் வழி வைக்கவில்லை. கடலிலிருந்து சுமார் ஐந்து மைல் தூரம் மட்டுமே மீன்களுக்கு மிஞ்சியது; அதற்கு மேலே எழுபது மைலுக்கு அதிகமான ஆறும் ஓடைகளும் காலியாகக் கிடந்தன. மேலேற முடியாத சால்மன்கள் முதல் அணையின் அடியிலேயே வருஷந்தோறும் வந்து சுவரை முட்டிக்கொண்டிருந்தன. ஆற்றின் முகத்துவாரத்தில் வாழ்ந்து அந்த மீனை நம்பியிருந்த கிளாலம் குடியினர் தலைமுறை தலைமுறையாக இதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

2011-ஆம் வருஷம் செப்டம்பரில் அணைகளை உடைக்க ஆரம்பித்தார்கள். ஒரேயடியாக உடைத்தால் நூறு வருஷமாகத் தேங்கிய வண்டல் முழுவதும் ஒரு நாளில் இறங்கிவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தார்கள். 2014 ஆகஸ்டில் மேலணையின் கடைசித் துண்டும் போயிற்று. அட்டை பரப்புகிறவருடைய பாஷையில் சொன்னால், வெகு காலமாக நடுவில் காலியாயிருந்த இரண்டு இடங்களில் ஆற்று அட்டைகள் வந்து விழுந்தன. சால்மன்கள் அணைகள் இருந்த இடத்தைத் தாண்டி மேலே போயின. இறங்கிய வண்டல் முகத்துவாரத்தில் புதிய கடற்கரையை உண்டாக்கியது. மீன் பெருகட்டும் என்று கிளாலம் குடியினர் தாங்களும் பிடிக்காமல் காத்திருந்தார்கள். 2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், சடங்குக்கும் தங்கள் சாப்பாட்டுக்குமாக, அந்த ஆற்றிலே அவர்கள் மறுபடியும் கோஹோ சால்மனைப் பிடித்தார்கள்.